காதும் நம் முதல்தான்



மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே வாயும் வேண்டாம், காதும் வேண்டாம். நம் பலசரக்கு வியாபாரம் அப்படிப்பட்டதல்ல. காலையில் மண்டி திறந்தது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரை எல்லாம் காதில்தான் நடக்கிறது. ஊர் ஊராக விலை கேட்பது, ஆர்டர் வாங்குவது, லாரி எங்கே வருகிறது என்று விசாரிப்பது, பாக்கி கேட்பது என்று ஒன்று பாக்கியில்லை. முதல் போட்டவர்கள் நாம். ஆனால் காதும் ஒரு முதல் என்பதை அறுபத்தைந்து வயதில்தான் தெரிந்துகொண்டோம். அந்தக் கதையைச் சொன்னால் நம் சங்கத்தாருக்குப் பயன்படும் என்பதால் கூச்சத்தை விட்டு எழுதுகிறோம்.

இருபதும் எழுபதும்

விருதுநகரில் மல்லி, வத்தல், பருப்பு வகைகளில் மொத்த வியாபாரம் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற கோடையில் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டச் சொல்லிச் சண்டை வரத் தொடங்கியது. பேரன் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்போம். இதையெல்லாம் நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் இடது காது 'கப்'பென்று அடைத்துக்கொண்டது. தண்ணீர் போயிருக்கும், தானே சரியாகிவிடும் என்று மண்டிக்கு வந்துவிட்டோம். வலது கையால் சிட்டை எழுதுவதால் போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பது வழக்கம். அன்றும் அப்படித்தான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து நம் வாடிக்கையாளர் ஒருவர் பேசினார். முப்பது வருடப் பழக்கம். "அண்ணாச்சி, மல்லி இருவது போட்டு விடுங்க" என்றார். நம் காதில் விழுந்தது "எளுவது". சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் இரண்டாம் தடவை கேட்டால் "அண்ணாச்சிக்குக் காது போச்சு" என்று நினைப்பாரே என்ற கூச்சம். சரி என்று வைத்துவிட்டோம்.

சிட்டையைப் பார்த்த கணக்கப்பிள்ளை, "முதலாளி, அவுக எப்பவும் இருவது மூடைதானே எடுப்பாக?" என்று கேட்டார். "என் காதால கேட்டேன்யா, போடு" என்றோம். நாற்பது கிலோ மூட்டையில் எழுபது மூட்டை, அதாவது 2,800 கிலோ மல்லி லாரி ஏறிப் போய்விட்டது.

மறுநாள் போன் வந்தது. அந்த வாரம் மல்லி விலை இறங்கிக்கொண்டிருந்தது. "முப்பது வருசப் பழக்கத்துல வெல இறங்குற சரக்க என் தலையில கட்டப் பாக்கிறீகளா அண்ணாச்சி?" என்றார். நாம் எழுபது என்றோம், அவர் இருபது என்றார். இரண்டு பேரும் கோபத்தில் போனை வைத்தோம். ஐம்பது மூட்டை மல்லியின் நட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். நாணயத்தில் சந்தேகம் வந்துவிட்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்தக் கோபத்தைக் கணக்கப்பிள்ளை மேல் காட்டினோம். "வாயில என்ன கொழுக்கட்டையா? தெளிவா அடிச்சுச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்று ஆட்கள் முன்னால் கேட்டுவிட்டோம். இருபத்தைந்து வருடமாக நம்மோடு இருப்பவர். ஒன்றும் பேசாமல் கணக்கை முடித்துவிட்டுப் போனார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

இரவில் மகன், "அப்பா, இனிமே போன நான் பாத்துக்கிறேன்" என்றான். நல்லதற்குத்தான் சொன்னான். ஆனால் நமக்கு நெஞ்சை அடைத்தது. நம் தந்தையார் கடைசிக் காலத்தில் காது கேட்காமல் மண்டி மூலையில் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் கண் முன் வந்தது. நம் காலமும் முடிந்ததா என்று அன்று தூக்கமில்லை.

நாமே செய்த வைத்தியம்

காலையில் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுக் குடைந்தோம். அடைப்பு அதிகமானது. பக்கத்துக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு எண்ணெயைக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டோம். சுரீர் என்றதுதான் மிச்சம். மண்டியில் உட்கார்ந்து கல்லாச் சாவியால் காது குடைவது நம்மில் பல பேருக்குப் பழக்கம். தீக்குச்சி, பேனா மூடி, கொண்டை ஊசி என்று எதையும் விடுவதில்லை. நாமும் அதில் சேர்த்திதான்.

கடைசியில் நம் வீட்டம்மாதான், "போன யாரு பேசுறதுங்கிறத அப்புறம் முடிவு பண்ணுங்க, மொதல்ல காத டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள்.

மருத்துவர் சொன்ன விவரம்

மருத்துவர் நம் மகள் வயதுப் பெண். இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அதிர்கிறபோதே நம் நெற்றி நடுவில் வைத்து, "ஐயா, எந்தப் பக்கம் அதிகமாகக் கேட்கிறது?" என்றார். அடைத்த இடது காதில்தான் பலமாகக் கேட்டது! நாம் வியந்து போனோம். "நல்ல அறிகுறிதான். உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது. சத்தம் போகிற வழியில்தான் அடைப்பு. குறும்பி சேர்ந்து கெட்டியாகியிருக்கிறது" என்றார்.

நாம் காது அழுக்கு என்று சொல்வதைத்தான் குறும்பி என்கிறார்கள். அது அழுக்கே அல்லவாம். பெரியவர்களுக்குக் காதுக் குழல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் வெளிப்பகுதியில் உள்ள சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. தூசியும் சிறு பூச்சியும் இதில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தோலை ஊறவைக்காமலும் இது காக்கும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதாலும், காதுத் தோல் உள்ளிருந்து வெளியே நகர்ந்து வளர்வதாலும் பழைய குறும்பி தானே வெளியே வந்துவிடும். கூலி கேட்காத சுமைதூக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சியை விட்டால் வெளியே வருகிற சரக்கை மறுபடி கிட்டங்கிக்குள் தள்ளியது போலாகிறது. வயதானால் குறும்பி உலர்ந்து இறுகும். காது கேட்கும் கருவி அணிபவர்களுக்கும் அதிகம் சேரும். அப்படிச் சேர்ந்தது குளிக்கும்போது தண்ணீர் பட்டு ஊதிப் பெருத்தால் ஒரே நாளில் காது அடைத்துவிடும். நமக்கு நடந்தது அதுதான். சிலருக்கு இரைச்சல், வலி, தலைசுற்றல், ஏன், இருமல்கூட வருமாம்.

இன்னொன்றும் விளங்கியது. ஒரு மாதமாகப் போனில் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள், "அண்ணாச்சி, சத்தமாப் பேசுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காது அடைத்திருந்தால் நம் குரல் நமக்கே உள்ளே பெரிதாகக் கேட்கும். அதனால் நாமறியாமல் மெதுவாகப் பேசுவோமாம்.

குறும்பியை இளக்கச் சொட்டு மருந்து கொடுத்து ஐந்து நாள் விடச் சொன்னார். "இடையில் அடைப்பு கூடியது போல இருக்கும், பயப்படாதீர்கள்" என்றார். அப்படியே இருந்தது. ஆறாம் நாள் சிறு குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். சில நிமிட வேலை. வேர்க்கடலை அளவுக்குக் கறுப்பாக ஒன்று வந்தது. உடனே தலைக்கு மேல் மின்விசிறி ஓடுவது கேட்டது. அவர் பேனா காகிதத்தில் உரசுவது கேட்டது. எழுந்து நடந்தபோது நம் செருப்புச் சத்தமே நமக்குப் புதிதாக இருந்தது.

செய்யக்கூடாதவை

மூட்டைக்குள் குத்தூசி விட்டு மாதிரி எடுக்கலாம். காதுக்குள் எதையும் விடக்கூடாது. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் காது சுத்தம் செய்கிறோம் என்று வருபவர்களிடம் காதைக் கொடுக்க வேண்டாம். காதில் மெழுகுத் திரி கொளுத்தி அழுக்கை இழுப்பதாகச் சொல்வதும் பயனற்றது, தீக்காயம்தான் மிஞ்சும். காய்ச்சிய எண்ணெய் கூடவே கூடாது.

காதில் சீழ் வருபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காதில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சொட்டு மருந்தும் விடக்கூடாது. நம்மில் பலருக்குச் சர்க்கரை உண்டு. காதில் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் அவர்களுக்குக் கடுமையான தொற்று வரும் ஆபத்து உண்டு என்பதால், முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மிக முக்கியமான ஒன்று. அடைப்பு என்றால் எல்லாம் குறும்பிதான் என்று இருந்துவிடாதீர்கள். ஒரே நாளில் ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது உள் நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். அதற்கு முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். நாள் கடத்தினால் மருந்தின் பலன் குறைந்துவிடும். நாம் ஒரு வாரம் தாமதித்தோம். குறும்பியாக இருந்ததால் தப்பித்தோம்.

மாவு மில், எண்ணெய் ஆலை வைத்திருப்பவர்களுக்கு இரைச்சலால் கேட்கும் திறன் குறையும். வயதாலும் குறையும். அப்படி இருந்து கருவி வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். கண்ணாடி போடக் கூசுகிறோமா?

இதற்குப் பெரிய செலவு ஆகுமோ என்று தயங்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது.

கணக்கைச் சரிசெய்தது

காது திறந்த மறுநாளே கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். "தப்பு என் காது மேல, கோபம் உங்க மேல. மனசுல வச்சுக்காதீங்க" என்றோம். "விடுங்க முதலாளி" என்று காப்பி கொடுத்தார். அன்றே வேலைக்கு வந்தார். திட்டியது ஆட்கள் முன்னால் என்பதால், அவர்கள் முன்னாலும் தப்பு நம்முடையது என்று ஒருமுறை சொன்னோம்.

பிறகு பஸ் ஏறித் தென்காசிப் பக்கம் போனோம். ஐம்பது மூட்டையையும் திருப்பி எடுத்துக்கொண்டு, போக வர லாரி வாடகையை நம் கணக்கில் எழுதி, கிரெடிட் நோட்டைக் கையில் கொடுத்தோம். நடந்ததைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "காது அடைச்சிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இருவதுன்னு நாலு தடவ சொல்லியிருப்பேனே அண்ணாச்சி" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் நமக்கு மனம் வரவில்லை.

இப்போது நம் மண்டியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் ஆர்டர் சொன்னாலும், சரக்கு, மூட்டை, விலை மூன்றையும் நாம் திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகே சிட்டையில் ஏறும். எண்ணை "ரெண்டு சைபர், இருவது" என்று பிரித்துச் சொல்கிறோம். பிறகு மகன் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறான். போன் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். நம் சங்கம் அன்று ஒரு காதுப் பரிசோதனை முகாம் நடத்தினால் முதலாளி, கணக்கப்பிள்ளை, சுமைதூக்குவோர் எல்லோருக்கும் நன்மையாக இருக்கும். செயற்குழு இதை யோசிக்க வேண்டும். அதுவரை, காதில் விழாததை இரண்டாம் தடவை கேளுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. கேட்காமல் விட்டதால் வந்த நட்டத்தை நாம் பார்த்துவிட்டோம்.