உங்களுக்குத் தெரியுமா? தலை மாறிய சீசர்கள்

ரோமானியச் சக்கரவர்த்திகள் போய்ச் சேர்ந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் அவர்களுடைய கவசத்துக்கும் இலை மாலைக்கும் ஆள் கிடைக்காமல் போனதே இல்லை. முகம் யாருடையதாகவும் இருக்கலாம், உடுப்பு மட்டும் அவர்களுடையது.

★ உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தை ரோம் நகர நாணயச்சாலை முதன்முதலில் காசில் அடித்தது கி.மு. 44இல். அந்த முகம் ஜூலியஸ் சீசருடையது. அதுவரை தெய்வங்களுக்கும் மறைந்த முன்னோர்களுக்கும்தான் அந்த மரியாதை. அரசனாகப் பார்க்கிறார் என்று சந்தேகப்பட்டவர்கள் அதே ஆண்டு மார்ச் 15 அன்று அவரைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸும் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் காசு வெளியிட்டார். ஒரு பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள். மறுபக்கத்தில் யார் என்கிறீர்கள்? சாட்சாத் புரூட்டஸ்தான்!

★ அகஸ்டஸ் கி.பி. 14இல் இறந்தபோது அவருக்கு 75 வயது. சிலைகளில் மட்டும் கடைசிவரை வாலிபர். சுருக்கம் இல்லை, தொங்கல் இல்லை. அவருடைய 200க்கும் மேற்பட்ட தலைகளும் சிலைகளும் இன்று நம்மிடம் இருக்கின்றன. 'இது அவர்தான்' என்று ஆய்வாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முகத்தைப் பார்த்து அல்ல, முடியைப் பார்த்து. நெற்றியில் விழும் முடிக்கற்றை கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருந்தால் பெரும்பாலும் அகஸ்டஸ். அவருக்குப் பின் வந்த வாரிசுகளும் அதே சாயலில் முடியைச் செதுக்கச் சொன்னதால், யார் எவர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

★ அதே அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒன்றை 1910இல் சூடான் நாட்டு மெரோவியில் தோண்டி எடுத்தார்கள். கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள் அப்படியே முழித்துக்கொண்டிருந்தன. கிடைத்த இடம்தான் சுவாரஸ்யம்: ஒரு கோயிலின் வாசல் படிக்கு அடியில்! ரோமானிய எகிப்தின் மீது படையெடுத்த குஷ் நாட்டவர் சிலையின் தலையை வெட்டிக் கொண்டுவந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் மிதிக்கட்டும் என்று புதைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததால்தான் அது பிழைத்தது. அவமானப்படுத்தியவர்களுக்குத்தான் அகஸ்டஸ் நன்றி சொல்ல வேண்டும். இப்போது இருப்பிடம் லண்டன், பிரிட்டிஷ் மியூசியம்.

★ ஆட்சி கவிழ்ந்தால் சிலையை உடைக்க வேண்டுமா என்ன? சலவைக்கல் விலை கொஞ்சமா! நீரோவின் தலையைச் சீவி வெஸ்பாசியன் ஆக்கினார்கள். டொமிஷியன் கொல்லப்பட்டதும் அவருடைய முகத்தைக் குடைந்து நெர்வாவின் முகத்தைக் கொண்டுவந்தார்கள். வாடிகனில் உள்ள கான்செல்லேரியா புடைப்புச் சிற்பத்தில் அந்த வேலையைப் பார்க்கலாம். உடம்புக்குச் சற்றும் பொருந்தாத சின்னத் தலை. நீரோ நிறுத்திய மாபெரும் வெண்கலச் சிலை பின்னர் சூரியக் கடவுள் ஆனது. கொமோடஸ் வந்தபோது அதன் தலையை எடுத்துவிட்டுத் தன் தலையை வைத்துக்கொண்டார். அவர் போனதும் மறுபடி சூரியன். பக்கத்திலிருந்த அரங்கத்துக்குக் கொலோசியம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்தச் சிலையால்தான் என்பார்கள்.

★ பெர்லினில் ஒரு வட்ட மரப்பலகை ஓவியம் இருக்கிறது. கி.பி. 200ஐ ஒட்டி எகிப்தில் வரைந்தது. செப்டிமியஸ் செவரஸ், மனைவி ஜூலியா டோம்னா, மகன் காரகல்லா. நான்காவதாக இன்னொரு பையன், ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வழித்தெடுத்த தடம். அவன் கேட்டா. கி.பி. 211இல் அண்ணன் காரகல்லா அவனைக் கொன்றதோடு, படங்களிலிருந்தும் அழிக்கச் சொல்லிவிட்டான். இன்று அந்தப் படத்தில் முதலில் கண்ணுக்குப் படுவது கேட்டாதான்.

★ கான்ஸ்டன்டைன் வளைவு (கி.பி. 315) பாதிக்குமேல் இரவல் சரக்கு. டிராஜன், ஹாட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் காலத்துச் சிற்பங்களைப் பெயர்த்து வந்து ஒட்டி, தலைகளைத் திருத்திக்கொண்டார்கள்.

★ ரோமில் மார்க்கஸ் அரேலியஸ் குதிரை மேல் வீற்றிருக்கும் வெண்கலச் சிலை தப்பியது ஆள்மாறாட்டத்தால்! இடைக்காலத்தில் வெண்கலம் கிடைத்தால் உருக்கிவிடுவது வழக்கம். ஆனால் இது முதல் கிறிஸ்தவச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் என்று எல்லோரும் நம்பினார்கள். யார் தொடுவார்கள்? 1538இல் அதைக் கேபிடோலின் குன்றுக்குக் கொண்டுவந்தார்கள், பீடம் அமைத்தவர் மைக்கலாஞ்சலோ. அதற்கு முன்பே படுவா நகரில் டொனாடெல்லோ ஒரு படைத்தலைவருக்கு வெண்கலக் குதிரை செய்தபோது மனதில் இருந்தது இந்தக் குதிரைதான். பிறகு ஐரோப்பாவில் எந்த ராஜா குதிரை ஏறிச் சிலையாக நின்றாலும் மார்க்கஸுக்கு ஏதோ ஒரு கடன் பட்டவர்தான். தத்துவம் எழுதிய மனிதருக்கு இத்தனை தளபதிகள் வாரிசு.

★ அப்படி ஒரு வாரிசு நியூயார்க்கில் இருந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர், ரோமானிய உடையில், குதிரை மேல். ஈயத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசி 1770இல் நிறுத்தினார்கள். 1776 ஜூலை 9 அன்று சுதந்திரப் பிரகடனத்தை வாசித்துக் கேட்ட கூட்டம் நேரே போய்க் கயிறு போட்டு இழுத்துச் சாய்த்தது. ஈயம் வீணாகவில்லை. 42,088 துப்பாக்கிக் குண்டுகள் ஆயின என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மன்னரின் சிலை மன்னரின் சிப்பாய்கள் மீதே பாய்ந்தது.

★ நம்ம சென்னைக்கு வருவோம். தாமஸ் மன்றோ சிலையில் குதிரைக்குச் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. சிற்பி மறந்துபோனார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மறதியாவது ஒன்றாவது! அதே சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி லண்டனில் நான்காம் ஜார்ஜுக்கும் வெலிங்டனுக்கும் செய்த குதிரைகளும் இப்படித்தான். மூன்று தடவையா மறப்பார் ஒருவர்? பழங்காலச் சாயல் வேண்டும் என்று வேண்டுமென்றே செய்தது. மார்க்கஸ் அரேலியஸ் சிலையிலும் அங்கவடி இல்லை, ரோமானியர்களுக்கு அங்கவடியே தெரியாது.

★ கிழக்கிந்தியக் கம்பெனி 1760களில் தன் லண்டன் தலைமையகத்துக்கு மூன்று சிலைகள் செய்யச் சொன்னது. ராபர்ட் கிளைவ், ஸ்டிரிங்கர் லாரன்ஸ், கடற்படைத் தளபதி போகாக். மூவரும் ரோமானியத் தளபதி வேடத்தில்! ஆற்காட்டிலும் திருச்சியிலும் நடந்த சண்டைகளைப் படித்தவர்கள் அந்த வேடத்தைப் பார்த்தால் சிரிப்பை அடக்குவது சிரமம். மிளகும் துணியும் வாங்க வந்தவர்களுக்குச் சக்கரவர்த்திகளின் கவசம் தேவைப்பட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

★ அந்த அசல் முகங்கள் கம்பெனிக்கு வெகு முன்பே தமிழகம் வந்துவிட்டன, காசாக. கோவை, கரூர்ப் பக்கம் அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டையில் 1898இல் ஒரே புதையலில் 501 தங்கக் காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே ஒரு வெட்டு! இனி இது காசு இல்லை, வெறும் தங்கம் என்று காட்டத்தான் அப்படி வெட்டினார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். வடமேற்கில் நடந்தது நேர் எதிர். குஷான அரசர் குஜூல கட்பிசஸ் ரோமானியச் சக்கரவர்த்தியின் தலையைப் பார்த்து அச்சாகத் தம் செப்புக் காசில் அடித்து, சுற்றிலும் தம் பெயரைப் போட்டுக்கொண்டார்.

★ சூட்டோனியஸ் எழுதிய சரித்திரத்தில் சீசர்கள் 12 பேர். வெனிஸ் ஓவியர் டிஷியன் வரைந்ததோ 11 பேர்! 1530களில் மாண்டுவா பிரபுவின் அரண்மனைக்காக வரைந்தவை அவை. டொமிஷியனை வேறொருவர் வரைந்து எண்ணிக்கையை நிரப்பினார். இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் அவற்றை ஆசையாக வாங்கினார். 1649இல் அவர் தலை போனதும் படங்கள் ஏலத்துக்கு வந்து ஸ்பெயின் போயின. 1734இல் மாட்ரிட் அரண்மனைத் தீயில் அத்தனையும் சாம்பல். ஆனாலும் உலகம் அவற்றை மறக்கவில்லை. சாடலர் என்ற செதுக்கு ஓவியர் முன்பே அச்சுப் பிரதி எடுத்து வைத்திருந்தார். ஐரோப்பாவெங்கும் சீசர் என்றால் எப்படி இருப்பார் என்று பல தலைமுறைக்குச் சொன்னது அந்தக் காகிதங்கள்தான்.

★ பெருந்தீனிக்காரச் சக்கரவர்த்தி விட்டெலியஸ் என்று கொண்டாடப்பட்ட சலவைக்கல் தலை ஒன்று வெனிஸில் உண்டு. டின்டோரெட்டோ அதைப் பார்த்து வரைந்து பழகினார். பிற்பாடு தெரிந்தது, அது விட்டெலியஸுக்குப் பிந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த யாரோ ஒருவருடையது.

★ சர் ராபர்ட் காட்டன் என்ற ஆங்கிலேயர் தம் நூலகத்து அலமாரிகளின் உச்சியில் 12 சீசர்களையும், கிளியோபாட்ரா, பாஸ்டினா என்ற இரண்டு அரசிகளையும் மார்பளவுச் சிலைகளாக வைத்தார். எந்தத் தலைக்குக் கீழ் எந்தத் தட்டில் எத்தனையாவது புத்தகம் என்பதுதான் அவருடைய அடையாளக் குறி. அலமாரிகள் போய்விட்டன, 1731இல் தீ விபத்தும் நடந்தது, ஆனால் அந்தப் புத்தகங்களை இப்போது வைத்திருக்கும் பிரிட்டிஷ் நூலகம் குறியை மாற்றவே இல்லை. பழைய ஆங்கிலக் காவியம் பேவுல்ஃப் இன்றும் 'விட்டெலியஸ் ஏ 15'. கிறிஸ்தவர்களை வதைத்தவர் என்று பெயரெடுத்த நீரோவின் கணக்கில் என்ன இருக்கிறது தெரியுமா? லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏடு!

★ பாரிஸ் வெண்டோம் தூண், ரோமின் டிராஜன் தூணைப் பார்த்துச் செய்தது. 1810இல் உச்சியில் ஏறியவர் ரோமானிய உடையில் நெப்போலியன். 1814இல் ஆட்சி போனதும் இறக்கினார்கள், உருக்கி நான்காம் ஹென்றி மன்னருக்குக் குதிரைச் சிலை செய்தார்கள். 1833இல் நெப்போலியன் திரும்ப ஏறினார், இந்த முறை தொப்பியும் கோட்டுமாக. 1863இல் மூன்றாம் நெப்போலியன், பெரியப்பா இப்படிச் சாதாரணமாக நிற்பதா என்று மறுபடி ரோமானிய உடை மாட்டினார். 1871இல் பாரிஸ் கம்யூன் தூணையே சாய்த்தது. திருப்பிக் கட்டும் செலவை, சாய்த்ததில் பங்குண்டு என்று சொல்லி ஓவியர் கூர்பே தலையில் சுமத்தினார்கள். மூன்று லட்சம் பிராங்குக்கு மேல்! முதல் தவணை கட்டும் முன்பே 1877இல் அவர் கண்ணை மூடிவிட்டார். சரி, ரோமில் அசல் டிராஜன் தூணின் உச்சியில் டிராஜன் இருக்கிறாரா? இல்லை. 1587 முதல் அங்கே நிற்பவர் புனித பேதுரு.

★ ரோமில் கொலோசியத்திலிருந்து வெனிஸ் சதுக்கம் போகும் அகலச் சாலையோரம் சீசர், அகஸ்டஸ், நெர்வா, டிராஜன் வெண்கலமாக நிற்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளில் பலர் அவை அந்தக் காலத்தவை என்றே நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாலையும் சிலைகளும் 1930களில் முசோலினி வைத்தவை.