ஒரே ஸ்கிரிப்ட், நாலு டெர்மினல்

எபிசோட்டில ரெண்டு நிமிசத்தில ஓடிப்போன விசயத்தை இங்க கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன்.

தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2,000க்கு மேல ஸ்கானாக இருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகம் தந்தவை. படமாக இருக்கிறதை எழுத்தாக மாத்த, த. சீனிவாசன் பைத்தனில் 'ஓசிஆர்4விக்கிசோர்ஸ்' எழுதினார். பிடிஎஃப்பைப் பக்கம் பக்கமாப் பிரிச்சு, கூகுள் டிரைவுக்கு ஏத்தி, அங்க கிடைக்கிற எழுத்தை இறக்கி, பிறகு விக்கிமூலத்தில் போடும். சும்மா ஒரு கணக்கு: பக்கத்துக்கு 6 செக்கன், புத்தகத்துக்கு 300 பக்கம் எண்டாலே, 2,000 புத்தகத்துக்கு 41 நாள் தாண்டும்.

அப்ப அதையே நாலு டெர்மினலில ஓட விடலாமே? விடலாம். பெரும்பாலான நேரம் கூகுளின்ர பதிலுக்குக் காத்திருக்கிறதிலதான் போகுது. சிக்கல் வேற இடத்தில. 'இந்தப் பக்கம் முடிஞ்சுதா' எண்டு பார்க்கிறதுக்கும் 'நான் எடுக்கிறன்' எண்டு குறிக்கிறதுக்கும் இடையில மற்றது புகுந்திடும். ரெண்டும் ஒரே ஃபோல்டரில ஒரே தற்காலிகப் பெயரைப் பாவிச்சா இன்னும் மோசம்: ஒரு நாவலின்ர 47ஆம் பக்கம், வேறொரு கட்டுரை நூலின்ர 47ஆம் பக்கத்தில போய்க் குந்தியிருக்கும். எரர் வராது. ஆரோ ஒருத்தர் மெய்ப்புப் பார்க்கிற நாள் வரைக்கும் அது அப்படியேதான்.

லினக்ஸில இதுக்கு எளிய வழி, பக்கத்தின்ர பெயரில ஒரு ஃபோல்டர் உருவாக்கிறது. அதைப் பார்க்கிறதும் பிடிக்கிறதும் ஒரே அசைவு. ஒருத்தருக்குத்தான் கிடைக்கும், மற்றவர் அடுத்த பக்கத்துக்குப் போகவேணும். ஸ்கிரிப்ட் நடுவில செத்தா ஃபோல்டர் மட்டும் மிஞ்சும், அதால நேரத்தையும் உள்ள எழுதி வையுங்கோ. பழசைத் துடைச்சு விடலாம்.

கூகுள் இல்லாமச் செய்தா கதை மாறும். டூங்கபி வீட்டில என்ர லப்டொப்பில டெசராக்டை நாலு தரம் ஓட விட்டுப் பார்த்தன். ஃபான் போட்ட சத்தத்தில அம்மா எட்டிப் பார்த்தா; வேகம் மட்டும் பெரிசாக் கூடேல்ல. டெசராக்ட் தன்பாட்டிலேயே நாலு த்ரெட் வரைக்கும் எடுக்கும். நாலு பேர் எண்டால் 16 த்ரெட், என்ர மெஷினில 8 கோர்தான். ஓஎம்பி த்ரெட் லிமிட்டை 1 எண்டு வச்சாப்பிறகுதான் நாலும் உண்மையில நாலாச்சு.

விக்கிமூலத்துக்கு ஏத்திறதை மட்டும் நான் பிரிக்கமாட்டன். வேண்டுகோள்களை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அனுப்பச் சொல்லித்தான் மீடியாவிக்கி கேட்குது. சேர்வர் பின்தங்கினா பொறுக்கச் சொல்ல 'மேக்ஸ்லேக்' எண்டு ஒண்டும் இருக்கு, வழமையா 5 செக்கன். வாசிக்க நாலு பேர், ஏத்த ஒருத்தர்.