சிங்கப்பூர் போனவரின் உடம்பு எப்போது போய்ச் சேரும்?

திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர் வேங்கிக்கால். ஆசிரமங்களைத் தேடி வந்து இந்தப் பக்கம் வாடகைக்குத் தங்கும் வெளிநாட்டினர் முதல் வாரத்தில் வெயிலிலும் காரத்திலும் திண்டாடுவதை இங்குள்ளவர்கள் பார்த்துப் பழகியவர்கள். இந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் அவருக்கும் அதே பாடுதான். சென்னையிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். ஆனால் தூக்கம், தோல், வயிறு, மனசு எல்லாம் ஒரே நாளில் அங்கே போய் இறங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தவணை உண்டு.

கடிகாரமும் சூரியனும்

சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. கம்பெனி லாரியைப் பிடிக்கக் காலை 5 மணிக்கு எழுந்தால், ஊர்க் கணக்கில் அது இரவு 2.30. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரு ஊர்களுக்கும் தீர்க்கரேகையில் சுமார் 25 பாகை இடைவெளி. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், சூரியன் அங்கே ஏறத்தாழ 1 மணி 40 நிமிடம்தான் முந்துகிறது. மீதி 50 நிமிடம் அரசுகள் வைத்துக்கொண்ட கணக்கு. மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதனால் ஆண்டு முழுவதும் அங்கே பொழுது விடிவது ஏழு மணியை ஒட்டித்தான்.

நம் உடம்பின் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அது தன்னைத் திருத்திக்கொள்வது கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்து. பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். எனவே நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கடினம். கிழக்கே போனால் சுருக்கத்தான் வேண்டும். ஒரு மணி நேர மாற்றத்துக்குத் தோராயமாக ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இருட்டிலேயே வேலைக்குக் கிளம்புகிறவருக்கு இன்னும் தாமதமாகும். விடிந்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நிற்பதும், இரவில் செல்போனை ஒதுக்கிவைப்பதும் உதவும். உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வெயில் குறைவு, புழுக்கம் அதிகம்

மே மாதத்தில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும். சிங்கப்பூரில் பகல் வெப்பம் பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரிதான். அப்படியும் போன புதிதில் ஆள் துவண்டுபோகக் காரணம் காற்றின் ஈரம். ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப்போகும். ஆவியாகாமல் வழிந்து சட்டையை நனைத்தால் தண்ணீரும் உப்பும் நஷ்டம், குளிர்ச்சியும் இல்லை.

உடம்பு இதற்கும் வழி செய்துகொள்கிறது. சில நாள்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயத் துடிப்பின் வேகம் தணிகிறது. வேர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. இதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். விடுப்பில் வந்து சில வாரம் ஊரில் ஓய்வாக இருந்தாலே இந்தப் பழக்கம் தேயத் தொடங்கும்.

இந்த அறிவியலைச் சிங்கப்பூர் அரசு விதியாகவே ஆக்கியிருக்கிறது. 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்த ஏற்பாட்டின்படி, வெயிலில் வேலை செய்யும் புதியவர்களுக்கும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்புகிறவர்களுக்கும் குறைந்தது 7 நாள் படிப்படியாகத்தான் வேலையைக் கூட்ட வேண்டும். வெப்பம், ஈரம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியை எட்டினால், கடும் உழைப்பாளிகளுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும்.

வயிற்றுக்குள் குடியிருப்போர்

மெதுவாக மாறுவது குடல். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து குடியேறிய மோங், கரென் இனப் பெண்களின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டனர். குடியேறி 6 முதல் 9 மாதத்துக்குள்ளேயே, நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பின்வாங்கி, மேற்கத்தியர்களிடம் மிகுதியாக உள்ளவை அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. வகைகளின் எண்ணிக்கையும் சரிந்தது. உணவு மாற்றம் ஒரு காரணம்தான், முழுக் காரணம் அல்ல. சிங்கப்பூர் அந்த அளவுக்கு அந்நியம் இல்லை. தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் கீரையும் கிடைக்கும். வேலை முடிந்த களைப்பில் நூடுல்ஸோடு நிறுத்திக்கொள்ளாமல் அவற்றை வாங்கிச் சமைப்பது வயிற்றுக்கு நல்லது.

மனசின் கணக்கு

புது ஊரில் முதலில் தேனிலவு, பிறகு சோர்வு, அப்புறம் தெளிவு என்பது பழைய கோட்பாடு. அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை விசாரித்து லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955-ல் சொன்னது. நியூசிலாந்துக்குப் படிக்கச் சென்ற ஜப்பானிய மாணவர்களைக் காலின் வார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஓராண்டு பின்தொடர்ந்து 1998-ல் எழுதியது வேறு மாதிரி. தேனிலவு எதுவும் தென்படவில்லை. போய் இறங்கிய தொடக்க நாள்களில்தான் சிரமம் உச்சத்தில் இருந்தது.

தூக்கம் கெட்டு, உடம்பு புழுங்கி, வயிறு முரண்டுபிடிக்கும் அதே நாள்களில்தான் மனசும் அலைபாய்கிறது என்பதைக் குடும்பத்தினர் புரிந்துகொள்ள வேண்டும். முதல் வாரத்தில் பிள்ளை போனில் அழுதால், "திரும்பி வந்துடு" என்றும் சொல்ல வேண்டாம், "வாங்கின கடனை நெனச்சுப் பாரு" என்றும் மிரட்ட வேண்டாம். தூங்கினாயா, தண்ணீர் குடித்தாயா, ஓய்வு கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். வெயிலில் வேலை செய்யும்போது தலைசுற்றலோ குழப்பமான பேச்சோ இருந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். இருப்பதா, திரும்புவதா என்ற முடிவை மூன்று மாதம் கழித்து எடுக்கலாம்.