கிறிஸ்துமஸ் விடுமுறை: பணமும் கைப்பேசி எண்ணும் கேட்காத பயனுள்ள இணையதளங்கள்

புதுடெல்லி: கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை நெருங்கும் வேளையில், பெற்றோரின் கைப்பேசிகள் மெல்லப் பிள்ளைகளின் கைகளுக்கு இடம் மாறுகின்றன. தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு விடுமுறை, வட மாநிலங்கள் பலவற்றில் குளிர்கால விடுமுறை எனப் பெயர் வேறுபட்டாலும், வீடுகளில் எழும் கவலை ஒன்றுதான். இந்த நாள்களில் பிள்ளைகள் இணையத்தில் எங்கே செல்கிறார்கள்?

பரிசு, தள்ளுபடி, வாழ்த்து என்ற பெயர்களில் போலி இணைப்புகள் வலம் வரும் காலமும் இதுவே. எனவே ஒரு தளத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அது பணம் கேட்கிறதா? கைப்பேசி எண் கேட்கிறதா? எதையேனும் பதிவிறக்கச் சொல்கிறதா? இம்மூன்றையும் கட்டாயமாக்காமலேயே அறிவும் மகிழ்ச்சியும் தரும் தளங்கள் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

சான்டாவின் பயணம்

அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் கூட்டு வான் பாதுகாப்பு அமைப்பான நோராட், ஒவ்வொரு டிசம்பரிலும் ‘நோராட் டிராக்ஸ் சான்டா’ என்ற தளத்தை நடத்துகிறது. இதன் தொடக்கம் சுவையானது. 1955-ஆம் ஆண்டு, ஒரு கடையின் செய்தித்தாள் விளம்பரத்தைக் கண்டு சான்டா கிளாஸுடன் பேச விரும்பிய குழந்தையின் அழைப்பு, கொலராடோவில் இருந்த ராணுவக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தவறிச் சென்றது. பணியில் இருந்த கர்னல் ஹாரி ஷூப், குழந்தையை ஏமாற்ற மனமின்றி விளையாட்டில் தாமும் கலந்துகொண்டார். அந்த அழைப்பே ஆண்டுதோறும் தொடரும் வழக்கமாயிற்று.

டிசம்பர் 24-ஆம் தேதி, சான்டா கிழக்கிலிருந்து மேற்காக நாடு நாடாகச் செல்வதுபோல வரைபடம் நகரும். உலகப் படத்தை அருகில் வைத்துக்கொண்டு நாடுகளின் பெயர்களையும் நேர வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இது நல்ல வாய்ப்பு. கூகுள் நிறுவனமும் 2004 முதல் ‘சான்டா டிராக்கர்’ என்ற பெயரில் இதே போன்ற சேவையை வழங்கி வருகிறது. அதில் சிறுவர்களுக்கான விளையாட்டுகளும் உள்ளன.

தமிழில் கதைகள்

பெங்களூருவைச் சேர்ந்த லாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ், 2015-இல் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தைத் தொடங்கியது. வண்ணப் படங்களுடன் கூடிய சிறுவர் கதைகளைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இங்கே கட்டணமின்றிப் படிக்கலாம். வாசிப்புத் திறனுக்கேற்பக் கதைகள் நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கதைகள் திறந்த உரிமத்தில் வெளியாவதால், அவற்றை மொழிபெயர்க்கவும் எவருக்கும் அனுமதி உண்டு.

பல கதைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் கிடைக்கின்றன. ஒரே கதையை முதலில் தமிழிலும், பின்னர் ஆங்கிலத்திலோ இந்தியிலோ படிக்கலாம். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் அயல்மொழிச் சொற்கள் அச்சம் தருவதில்லை. வெளிமாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதே முறை தமிழ் கற்கவும் உதவும்.

சதுரங்கமும் கணினி நிரலும்

2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபின், சதுரங்கம் கற்க விரும்பும் சிறுவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு அருகிலேயே கிடைத்துவிட்டது. அவர்களுக்கு ஏற்றது ‘லிச்செஸ்’ தளம். 2010-இல் தொடங்கப்பட்ட இதில் விளம்பரங்கள் இல்லை, கட்டணமும் இல்லை. பதிவு செய்யாமலேயே கணினியுடன் ஆடலாம். புதிர்களுக்கு விடை தேடலாம். வெளியூரில் உள்ள தாத்தாவுக்கு ஓர் இணைப்பை அனுப்பி, அவருடனும் ஆடலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி 2007-இல் வெளியான ‘ஸ்கிராட்ச்’, வண்ணக் கட்டைகளை அடுக்குவதுபோலக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தருகிறது. நட்சத்திரம் மின்னும் ஒரு புத்தாண்டு வாழ்த்து அட்டையைப் பிள்ளைகள் தாங்களே உருவாக்கலாம். உருவாக்கிப் பார்க்கப் பதிவு தேவையில்லை. இணையத்தில் பகிர மட்டுமே கணக்கு வேண்டும். கைப்பேசியைவிடக் கணினியில் இதைப் பயன்படுத்துவது எளிது.

விண்வெளியும் இசையும்

நாசாவின் ‘அன்றாட வானியல் படம்’ தளம் 1995 ஜூன் முதல் நாள்தோறும் ஒரு படத்தை விளக்கத்துடன் வெளியிட்டு வருகிறது. பழைய படங்கள் தேதிவாரியாகச் சேமிக்கப்பட்டுள்ளன. தாம் பிறந்த நாளில் எந்தப் படம் வெளியானது என்று தேடுவது பிள்ளைகளை ஈர்க்கும். விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் பெரியவர்கள் உடன் இருப்பது நல்லது. கிறிஸ்துமஸுக்கும் விண்வெளிக்கும் தொடர்பும் உண்டு. நிலவைச் சுற்றிய அப்போலோ 8 விண்கலத்திலிருந்து, பூமி எழும் புகழ்பெற்ற படம் எடுக்கப்பட்டது 1968 டிசம்பர் 24-இல். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏவப்பட்டது 2021 டிசம்பர் 25-இல்.

இசையை விரும்புவோர் ‘ரேடியோ கார்டன்’ தளத்தில் பூமி உருண்டையைச் சுழற்றி, விரும்பிய ஊரின் வானொலியைக் கேட்கலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் 1918 முதல் நடைபெறும் கிறிஸ்துமஸ் பாடல் வழிபாட்டை, பிபிசி வானொலி டிசம்பர் 24 அன்று ஒலிபரப்புவது வழக்கம். அது வழக்கமாகத் தொடங்கும் நேரம் இந்தியாவில் இரவு 8.30 மணி.

போலித் தளத்தை அறிவது எப்படி?

முகவரியில் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள கடைசிப் பகுதியே, தளம் யாருடையது என்பதைக் காட்டும். நடுவில் ‘கவ்.இன்’ என்று இருந்து, பின்னர் வேறு பெயரும் ‘காம்’ என்பதும் வந்தால் அது அரசுத் தளம் அன்று. பூட்டுச் சின்னம், தகவல் பரிமாற்றம் மறையாக்கம் செய்யப்படுவதை மட்டுமே குறிக்கும். தளம் நேர்மையானது என்பதற்கு அது சான்றாகாது.

வாட்ஸ்அப்பில் வாழ்த்து என்ற பெயரில் வரும் ‘ஏபிகே’ கோப்புகளைத் திறக்கவே கூடாது. பரிசுத் தொகையைப் பெற யுபிஐ பின் எண்ணை இடுமாறு யாரேனும் கேட்டால் அது மோசடி. பணம் அனுப்பத்தான் அந்த எண் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. ஓடிபி எண்ணையும் எவரிடமும் சொல்லக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே விளக்க வேண்டும்.

பணத்தை இழக்க நேர்ந்தால், தயங்காமல் உடனடியாக 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் அளிக்கலாம். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கிறோமோ, பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். தவறான இணைப்பைத் தொட்டுவிட்ட பிள்ளை, திட்டுக்கு அஞ்சி அதை மறைத்துவிட்டால் அந்த நேரம் வீணாகும். ஆகவே, ‘தவறு நேர்ந்தால் முதலில் எங்களிடம் சொல்’ என்ற உறுதியைக் கைப்பேசியுடன் சேர்த்தே பெற்றோர் கொடுப்பது நல்லது.