பெரிய பல்கலைக்கழகமா, சிறிய கல்லூரியா? மாறுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் கல்வியை முடித்த பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால், பெரிய பாரம் இறங்கிவிட்டதாகவே பெற்றோர் எண்ணுகின்றனர். உறவினர்களுக்கெல்லாம் செய்தி போகிறது. கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. ஆனால், இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தங்கும் விடுதியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. "அப்பா, இங்கே எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்தில் உள்ள சின்னக் கல்லூரிக்கே வந்துவிடட்டுமா?" என்று பிள்ளை கேட்கிறது.

இந்தக் கேள்விக்குக் கோபமாகப் பதில் சொல்லும் பெற்றோரும் உண்டு. மனம் இளகி, "சரி, வந்துவிடு" என்று உடனே சொல்லும் பெற்றோரும் உண்டு. இரண்டுமே அவசரம்தான். பல்கலைக்கழக இடத்தை விட்டு விலகக் கடிதம் கொடுக்க ஒரு நாள் போதும். விட்ட இடத்தை மீண்டும் பெறவோ அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஆகவே, விலகுவதற்கு முன் நிதானமாக ஆராய வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

காரணம் எது?

பிள்ளைக்கு எது ஒத்துவரவில்லை என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். படிக்கும் துறையா, படிக்கும் இடமா, வீட்டை விட்டுப் பிரிந்திருக்கும் ஏக்கமா, பணமா? நான்கும் வெவ்வேறு நோய்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது.

துறைதான் பிடிக்கவில்லை என்றால், அதே துறையைச் சிறிய கல்லூரியில் போய்ப் படிப்பதால் பயன் இல்லை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வேறு துறைக்கு மாற வழியிருக்கிறதா என்று புல அலுவலகத்தில் கேட்க வேண்டும். வீட்டு ஏக்கம் என்றால், முதல் தவணையில் அது பெரும்பாலோருக்கும் வருவதுதான். ஐந்தாம் படிவம் வரையில் அம்மா சமையலில் வளர்ந்த பிள்ளைக்கு, அறிமுகமில்லாத நகரில், பல இன மாணவர்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வது எளிதல்ல. இரண்டாம் தவணையில் இந்த ஏக்கம் தணிந்துவிடுவதும் உண்டு. நோய் அல்லது குடும்பச் சிக்கல் காரணம் என்றால், ஒரு தவணைக்குப் படிப்பை ஒத்திவைக்க அனுமதி கேட்கலாம். ஒத்திவைத்தால் இடம் கையில் இருக்கும். விலகினால் இடம் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் உண்மையிலேயே கவனிக்கத்தக்கது. முதலாண்டுப் பொதுப்பாடங்களில் ஒரு மண்டபத்தில் நூறு, இருநூறு பேர் அமர்ந்திருப்பார்கள். விரிவுரையாளருக்கு யார் பெயரும் தெரியாது. கேள்வி கேட்கக் கூச்சப்படும் மாணவர் அங்கே மெல்ல மெல்லக் காணாமல் போய்விடுகிறார். வகுப்புக்குப் போகாவிட்டாலும் யாரும் தேடுவதில்லை. அப்படிப்பட்ட மாணவர் முப்பது பேர் உள்ள வகுப்பில், தம் பெயரை அறிந்த ஆசிரியரிடம் படித்தால் தலைநிமிர்ந்துவிடக் கூடும். இவருக்கு மாறுவது நன்மையாக அமையலாம்.

மாறிப் படிப்பது புதிதல்ல

கல்லூரி மாறுவதை அவமானமாகக் கருத வேண்டியதில்லை. 1980களிலேயே, இங்கே சில ஆண்டுகள் படித்துவிட்டு எஞ்சியதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முடிக்கும் இரட்டைத் திட்டங்களை மலேசியத் தனியார் கல்லூரிகள் நடத்தின. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக்கூடச் சட்டம் அக்கல்லூரிகளுக்கு விரிந்த வாய்ப்பைக் கொடுத்தது. 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் ரிங்கிட் மதிப்பு சரிந்தபோது, வெளிநாட்டுப் பட்டத்தை உள்நாட்டிலேயே முழுமையாகப் படித்து முடிக்கும் முறை பரவியது.

சிறியது என்பதாலேயே ஒன்று மட்டமாகிவிடாது. மலாயாப் பல்கலைக்கழகமே 1949இல் சிங்கப்பூரில் இரண்டு கல்லூரிகள் இணைந்து பிறந்ததுதான். அதுபோல, சிறியது என்பதாலேயே அங்கே அக்கறை இருக்கும் என்றும் முடிவு செய்துவிடக் கூடாது. பகுதி நேர விரிவுரையாளர்களை வைத்தே காலம் தள்ளும் கல்லூரியில் வகுப்பு சிறிதாக இருக்கும். ஆசிரியர் வகுப்பு முடிந்ததும் போய்விடுவார். மாணவர் எண்ணிக்கை குறைந்தால், சிறிய கல்லூரி ஒரு பாடப்பிரிவையே நிறுத்திவிடவும் கூடும்.

படித்தது வீணாகுமா?

மாறுகிறவர் அடுத்துக் கேட்க வேண்டியது, இதுவரை படித்த பாடங்கள் கணக்கில் வருமா என்பது. மலேசியத் தகுதி முறையில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, சொந்தப் படிப்பு, பயிற்சி எல்லாம் சேர்ந்து 40 மணி நேர உழைப்பு. இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 வேண்டும்.

ஒரு மாணவர் முதலாண்டில் 36 கிரெடிட் முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய கல்லூரி அதில் 24ஐ மட்டும் ஏற்றுக்கொண்டால், 12 கிரெடிட் போகிறது. அதாவது 480 மணி நேர உழைப்பு. ஏறக்குறைய ஒரு தவணை. அந்தத் தவணைக்கு உரிய கட்டணமும் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இரண்டாம் முறை வரும்.

பாட உள்ளடக்கம் போதிய அளவு ஒத்திருந்தால்தான் கிரெடிட் மாற்றம் கிடைக்கும். பொதுவாக 'சி' நிலைக்குக் குறைந்த தேர்ச்சியை ஏற்பதில்லை. ஆகவே, ஒவ்வொரு பாடத்தின் விவரத் திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் பல்கலைக்கழகத்திலிருந்து முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கல்லூரியின் விற்பனைப் பிரிவினர் வாயால் சொல்வது போதாது. எந்தெந்தப் பாடம் ஏற்கப்படும், பட்டம் பெற இன்னும் எத்தனை தவணை என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே விலகல் கடிதம் கொடுக்க வேண்டும்.

அங்கீகாரம், கடன், கட்டணம்

உள்நாட்டு உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ. 2007ஆம் ஆண்டு முதல் செயல்படுகிறது. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே உண்டு. ஒரு கல்லூரியில் வணிகவியல் டிப்ளோமா முழு அங்கீகாரம் பெற்றிருக்கலாம். அதே கட்டடத்தில் நடக்கும் வேறொரு பட்டப்படிப்பு தற்காலிக அங்கீகாரத்தில் இருக்கலாம். எம்.கியூ.ஏ. பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மருத்துவம், பொறியியல், மருந்தியல் போன்ற துறைகளில் அந்தந்தத் தொழில் மன்றத்தின் அங்கீகாரமும் தேவை. இதைப் பார்க்காமல் சேர்ந்துவிட்டு, பட்டம் வாங்கிய பிறகு அலைவது பெரும் துன்பம்.

அடுத்து, பி.டி.பி.டி.என். கடன். மாணவர் மாறும்போது கடன் தானாக அவர் பின்னால் வருவதில்லை. விலகியவுடன் தெரிவிக்க வேண்டும். புதிய கல்லூரியில் கடன் தொடருமா, பழைய கடன் எப்படிக் கணக்கிடப்படும் என்று பி.டி.பி.டி.என். அலுவலகத்திலேயே கேட்டுத் தெளிய வேண்டும். தனியார் படிப்புகள் எல்லாவற்றுக்கும் கடன் கிடைத்துவிடாது.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் அது குடும்பத்தின் தோளில் ஏறுகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் மீட்க வழி இருக்கிறது. ஆனால், அது தந்தையின் முதுமைக்கான பணம். பட்டம் கிடைக்கும்வரை ஆகும் மொத்தச் செலவைத் தாளில் எழுதிப் பார்த்து, தம்பி தங்கையின் படிப்புக்கு என்ன மிஞ்சும் என்பதையும் சேர்த்தே குடும்பம் பேச வேண்டும்.

ஊரார் பேச்சு

"அரசாங்கப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு வந்தானாம்" என்ற பேச்சுக்கு அஞ்சி, தாங்க முடியாத மன உளைச்சலில் பிள்ளையை அங்கேயே இருக்கச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தவணையும் தோல்வி சேர்ந்து, சராசரி 2.00க்குக் கீழே இறங்கி, கடைசியில் பல்கலைக்கழகமே நீக்கினால், மாற்றிக்கொள்ள கிரெடிட்டும் இருக்காது. தேறிய பாடங்கள் கையில் இருக்கும்போது மாறுவது வேறு. நீக்கப்பட்ட பிறகு கதவு தட்டுவது வேறு.

பெற்றோர் ஒரு வார இறுதியில் நேரில் போய்ப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசலாம். கல்வி ஆலோசகரையும் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவையும் சந்திக்கும்படி சொல்லலாம். சேர நினைக்கும் கல்லூரிக்கு வகுப்பு நடக்கும் நாளில் போய், அங்கே படிக்கும் மூத்த மாணவர்களிடம் விசாரிக்கலாம். இத்தனைக்கும் பிறகு, துறை பிடித்திருக்கிறது, கிரெடிட் எழுத்தில் உறுதியாகிவிட்டது, அங்கீகாரம் இருக்கிறது, செலவையும் தாங்க முடியும் என்றால், துணிந்து மாறலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும், இன்னொரு தவணை இருந்து பார்ப்பதே நல்லது.