அப்பிளும் பனம்பழமும்

“ஐயா, அப்பிள் எங்கள் தீவில் காய்க்காதா?” வகுப்பில் இவ்வினா எழாத ஆண்டு அரிது. நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் அப்பிள் இன்று காணக் கிடையாத பொருள் அன்று. கோயிலுக்குக் கொண்டுசெல்லும் அருச்சனைத் தட்டிலும் வாழைப்பழத்தின் அருகே அது வந்து அமர்ந்துவிட்டது. தின்றபின் எஞ்சிய விதையை மண்ணில் ஊன்றிப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு இயல்பே. சில விதைகள் முளைக்கவும் செய்யும். குளிரறையில் பல வாரம் கிடந்து வந்த பழமாதலால் விதையின் உறக்கம் கலைந்திருக்கும். செடி ஓரளவு வளரும், காய்ப்பதுதான் இல்லை.

காரணம் எளிது. அப்பிளின் தாயகம் நடு ஆசியாவின் தியான் சான் மலைச்சாரல். மாரிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கிக் குளிரை எண்ணியபின்னரே விழித்துப் பூப்பது அம்மரத்தின் இயல்பு. பெயர்பெற்ற இனங்கள் பலவற்றுக்கு ஏழு பாகை செல்சியசுக்குக் குறைந்த தட்பம் ஏறத்தாழ 800 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். இசுரேலில் உருவாக்கப்பட்ட ‘அன்னா’ என்னும் இனம் அதனினும் மிகக் குறைந்த குளிரோடு நிறைவடையும். ஆயினும் மார்கழிப் பனியிலும் இருபது பாகைக்குக் கீழே இறங்கத் தயங்கும் நம் தீவுகளில் அச்சிறு அளவும் கிட்டாது. போதாக்குறைக்கு, உவர்நீரை அப்பிள் பொறுக்காது. நம் கிணறுகளின் சுவையோ நாம் அறிந்ததே.

விதையால் வந்த அப்பிள் தாய்ப்பழத்தை ஒத்திராது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒட்டுக் கட்டினால்தான் இனம் மாறாது. 1916ஆம் ஆண்டளவில் இமாசலத்துக் கோட்கட்டில் அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் அப்பிள் தோட்டத்துக்கு வித்திட்டபோது, தம் நாட்டு மரக்கன்றுகளையே வருவித்தார். சாவகத்தின் பத்து மலையூரில் பழம் பறித்தபின் இலைகளைக் கையால் உருவி, குளிர் செய்யவேண்டிய வேலையை மனிதரே செய்து காய்க்க வைக்கிறார்கள். அது மலையூர் என்பதை மறந்து அவ்வித்தையை இங்கே கொண்டுவர நினைப்போர் ஏமாறுவர்.

அப்பிளை விட்டு வேலியோரம் விழுந்து கிடக்கும் கரிய கனிக்கு வருவோம். பனம்பழத்தைப் பற்றி ஒரு மாணவரும் கேட்பதில்லை. அது ஏன் கசக்கிறது என்று கேட்டால் எவ்வளவு சொல்லலாம்! சப்போனின் வகையைச் சேர்ந்த ஒரு பொருளே அக்கசப்புக்குக் காரணம். நுரை தருவதும் அவ்வகைப் பொருளே. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடையாதபோது யாழ்ப்பாணத்தார் பனங்களியில் துணி துவைத்ததை இன்றைய பிள்ளைகள் கதையென்றே எண்ணுவர். கசப்பும் நுரையும் ஒரு குடும்பத்துப் பொருள்கள் என்பதை வேதியியல் ஆசிரியர் இதைக்கொண்டே விளக்கலாமே.

அக்களியைப் பிழிந்து பாயில் ஊற்றிப் பரவி, வெயிலில் காய்ந்தபின் அதன்மேல் மீண்டும் ஊற்றி, படைமேல் படையாகக் காயவைப்பதே பினாட்டு. பாணியிலிட்டுச் சாடியில் ஊறவைத்தால் பாணிப்பினாட்டு. மாவும் சீனியும் கூட்டிப் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். களியின் செம்மஞ்சள் நிறமோ கரட்டில் உள்ள கரோட்டீன் குடும்பத்தது. அப்பிளுக்கு இவ்வளவு வேலை இல்லை. கழுவிக் கடித்தால் முடிந்தது. பினாட்டு நம் வீடுகளிலிருந்து மறைந்ததற்கு அதன் சுவையன்று, அதற்கு வேண்டிய பொறுமையே காரணம் என்பது என் எண்ணம்.

களி போனபின்னும் பழம் முடிவதில்லை. கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கினால் தை மாதத்தை ஒட்டிக் கிழங்கு கிளறலாம். பச்சையாய்க் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு அந்நீரை வடித்த பின்னரே கூழுக்கு எடுப்பர். ஆய்வுகூடம் காணாத பாட்டிமார் கண்ட பக்குவம் இது. 1850இல் வில்லியம் பெர்குசன் பனையைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அதில் அவர் எடுத்துக்காட்டும் பழைய தமிழ்ப் பாட்டு 801 பயன்களைக் கூறுவதாகச் சொல்வர். இத்தனை பெருமையும் இருக்க, பனை அபிவிருத்திக்கென 1978இல்தான் அரசு ஒரு சபையை நிறுவியது.

இங்கேதான் ஒரு சிக்கல். பாத்தியில் இட்ட கொட்டை கிழங்காகி உணவாகிவிடும். கிளறிய ஒவ்வொரு கிழங்கும் நிமிராத ஒரு பனை. வடலியைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதும் எளிதன்று. தண்டு வெளியே தோன்றுமுன்னே வேர் ஆழம் போய்விடும். ஆதலால் மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே விதை ஊன்ற வேண்டும். ஊன்றியவர் ஆணா பெண்ணா என்று அறியப் பாளை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் செல்லும், அதற்கு மேலும் ஆகலாம். போரிலே எத்தனையோ பனைகள் பதுங்குகுழிக்குக் குற்றியாகவும், எறிகணைக்கு இலக்காகவும் மறைந்தன. மிஞ்சியவை முதியவை.

சென்ற ஆண்டு ஆவணியில் என் மாணவர் சிலர் பழம் பொறுக்கினர். களியைப் பணியாரத்துக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டைகளை எண்ணினோம். ஒருவன் கேட்டான்: “பாத்திக்கு எத்தனை, வேலிக்கு எத்தனை, ஐயா?” பாதியைப் பாடசாலை வேலியோரம் ஊன்றினோம். மாரிமழைக்குப்பின் சில இடங்களில் முதற் குருத்து வந்திருக்கிறது.