வெரோனாவை வெல்லவைத்தது குலுக்கல் சீட்டா?

1985 மே 12 அன்று பெர்கமோ நகரில் அத்தலாந்தாவுடனான ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தபோது, ஒரு ஆட்டம் மீதமிருக்கும்போதே ஹெல்லாஸ் வெரோனா இத்தாலியின் கால்பந்து சாம்பியன் ஆகிவிட்டது. அந்த வெற்றி எவ்வளவு அபூர்வம் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தகவல் போதும். இத்தாலிய லீக் இன்றைய ஒற்றைப் பிரிவு வடிவத்துக்கு வந்தது 1929இல். அன்றுமுதல் பட்டம் வென்ற அணிகளின் ஊர்கள் மிலான், தூரின், ரோம், பொலோன்யா, ஃபுளோரன்ஸ், நேப்பிள்ஸ், ஜெனோவா, காலியரி. எல்லாமே தத்தம் பிராந்தியத்தின் தலைநகரங்கள். வெரோனா மட்டும் அப்படியல்ல. அது இருக்கும் வெனட்டோ பிராந்தியத்தின் தலைநகர் வெனிஸ். இரண்டரை லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள் வாழும் ஓர் ஊர், யுவென்டஸையும் இன்டரையும் மிலானையும் ரோமாவையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ‘ஸ்குடெட்டோ’ எனப்படும் அந்தச் சிறு கேடயத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் அந்த அணி ஒருமுறைகூடப் பட்டம் வென்றதில்லை.

இப்படியொரு வெற்றிக்கு விளக்கம் தேடுவது இயல்பு. இத்தாலியில் அடிக்கடி சொல்லப்படும் விளக்கம் நடுவர்களைப் பற்றியது. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதைப் பொறுப்பாளர்கள் தீர்மானிப்பதே அங்கு வழக்கம். 1984–85 சீசனில் மட்டும் அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டு, முழுக் குலுக்கல் முறையில் நடுவர்களை ஒதுக்கினார்கள். அந்த ஆண்டு வெரோனா வென்றது. அடுத்த ஆண்டு பழைய முறை திரும்பியது, யுவென்டஸ் வென்றது. 2006இல் ‘கால்ச்சோபோலி’ ஊழல் வெடித்து, நடுவர்களை ஒதுக்குவோருக்கும் பெரிய கிளப் நிர்வாகிகளுக்கும் இருந்த தொடர்பு அம்பலமாகி, யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்ட பிறகு இந்த விளக்கம் இன்னும் வலுப்பெற்றது. யாரும் குறுக்கிடாவிட்டால் சிறிய அணியும் வெல்லும் என்பதற்கு வெரோனாவே சாட்சி என்றார்கள்.

இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் வெரோனாவை நேசிப்பவர்கள். ஆனால் அந்த நேசமே வெரோனாவுக்கு அநியாயம் செய்கிறது என்பது என் கருத்து. குலுக்கல் முறை பெரிய அணிகளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய சலுகையை நீக்கியிருக்கலாம். அது யாரையும் முப்பது ஆட்டங்களில் வெறும் 19 கோல்களை மட்டும் வாங்கும் அணியாக மாற்றிவிடாது. குலுக்கலின் பலன் பதினாறு அணிகளுக்கும் சமமாகத்தான் கிடைத்தது. அந்தப் பதினாறில் வெரோனா ஏன் முன்னே வந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பதில் 1984க்கு முன்பே தொடங்குகிறது. பயிற்சியாளர் ஒஸ்வால்தோ பன்யோலி 1981இல் பொறுப்பேற்றபோது வெரோனா இரண்டாம் பிரிவில் இருந்தது. 1982இல் அதை முதல் பிரிவுக்கு ஏற்றினார். ஏறிய முதல் சீசனிலேயே நான்காம் இடம். அதற்கடுத்த சீசனில் ஆறாம் இடம். 1983, 1984 என இரண்டு ஆண்டும் இத்தாலியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்து, முதலில் யுவென்டஸிடமும் பிறகு ரோமாவிடமும் தோற்றது. இவை அனைத்தும் பொறுப்பாளர்கள் நடுவர்களைத் தேர்ந்தெடுத்த காலத்தில் நடந்தவை. 1985இல் வென்றது திடீரென முளைத்த அணி அல்ல. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் உச்சிக்கு அருகிலேயே நின்றிருந்த அணி.

அந்த அணி திரட்டப்பட்ட விதம் கூர்ந்து பார்க்கத்தக்கது. பியெத்ரோ ஃபன்னாவும் ஜுசெப்பே கால்டெரிசியும் யுவென்டஸில் நிலையான இடம் கிடைக்காமல் வந்தவர்கள். அந்தோனியோ தி ஜென்னாரோ முன்பு ஃபியொரென்டினாவில் ஆடியவர். கோல்கீப்பர் கிளாவ்தியோ கரெல்லா லாட்சியோவில் செய்த தவறுகளுக்காகக் கேலிக்கு ஆளானவர். பன்யோலி அவர்களுக்குக் கொடுத்தது தெளிவான வேலையும் தொடர்ச்சியான வாய்ப்பும். கேப்டன் ரொபெர்த்தோ திரிச்செல்லா எல்லாத் தடுப்பாட்டக்காரர்களுக்கும் பின்னால் நின்று, எதிரணியிடமிருந்து பறித்த பந்தை எடுத்துக்கொண்டு தாமே முன்னேறுவார். நடுவில் தி ஜென்னாரோ ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பார். பக்கவாட்டில் ஃபன்னா பந்தோடு ஓடுவார். பந்தை வைத்துக்கொண்டு எதிரணியை அலைக்கழிப்பதைவிட, பந்து கைமாறிய நொடியில் பாய்வதே அவர்கள் வழி. இந்த அணியோடு 1984 கோடையில் இரண்டு வெளிநாட்டினர் சேர்ந்தார்கள்: மேற்கு ஜெர்மனியின் ஹான்ஸ்-பீட்டர் பிரீகல், டென்மார்க்கின் பிரெபென் எல்க்கியர்.

இங்கேதான், நடுவர் குலுக்கலைவிட முக்கியமான ஒரு விதி வருகிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அன்று ஒரு கிளப் இரண்டே வெளிநாட்டு வீரர்களை வைத்துக்கொள்ள முடியும். யுவென்டஸிடம் பிளாட்டினியும் போனியெக்கும் இருந்தார்கள். அதனாலேயே, அந்த கிளப் வாங்கியிருந்த இளைஞர் மைக்கேல் லாட்ரப் லாட்சியோவுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். பணம் இருந்தும் குவிக்க முடியவில்லை. ஆகவே உலகின் சிறந்த வீரர்கள் நாடெங்கும் பரவி நின்றார்கள்: உதினேசேயில் சீக்கோ, ஃபியொரென்டினாவில் சாக்ரட்டீஸ், தொரினோவில் ஜூனியர், இன்டரில் ருமேனிகே, நாப்போலியில் மரடோனா. எல்லாருக்கும் இரண்டே இடம் என்றால், யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம் பிறக்கும். ஜெர்மனியில் இடது பின்வரிசை ஆட்டக்காரராக அறியப்பட்ட பிரீகலைப் பன்யோலி நடுக்களத்துக்கு மாற்றினார். அந்த சீசனில் அவர் அடித்த கோல்கள் ஒன்பது.

முதல் நாளே இதன் பலன் தெரிந்தது. 1984 செப்டம்பர் 16, வெரோனாவின் பெந்தெகோதி மைதானம். இத்தாலிய லீக்கில் மரடோனாவின் முதல் ஆட்டம். அவரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு பிரீகலிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மரடோனாவையும் அடக்கினார், ஒரு கோலும் அடித்தார், வெரோனா 3–1. அக்டோபரில் யுவென்டஸ் வந்து 2–0 என்று தோற்றது. இரண்டாவது கோல் இன்றும் பேசப்படுகிறது: தடுக்க வந்தவரின் மோதலில் எல்க்கியரின் வலது கால் பூட்ஸ் கழன்றுவிட, அவர் நிற்காமல் ஓடி, பூட்ஸ் இல்லாத அதே காலால் பந்தை வலைக்குள் அடித்தார். உதினேசே மைதானத்தில் 3–0 என முன்னிலை பெற்று, 3–3 ஆகப் பறிகொடுத்து, மீண்டும் எழுந்து 5–3 என வென்றார்கள். முதல் சுற்று முதல் கடைசிவரை, சில வாரங்கள் மற்ற அணிகளோடு பகிர்ந்துகொண்டாலும், முதலிடத்தை விட்டு இறங்கவே இல்லை. முப்பது ஆட்டங்களில் தோல்வி இரண்டே.

குலுக்கல் விளக்கத்துக்கு ஆதரவான வலுவான சான்றை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமாகாது. யுவென்டஸ் 1983–84இல் 43 புள்ளிகளோடு சாம்பியன். குலுக்கல் ஆண்டில் 36. பழைய முறை திரும்பியதும் 45. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் சந்தேகம் எழத்தான் செய்யும். ஆனால் அதே சீசனில் யுவென்டஸின் கவனம் ஐரோப்பியக் கோப்பையில் இருந்தது. 39 உயிர்களைப் பலிகொண்ட ஹெய்சல் அரங்கில், மே 29 அன்று அதை வென்றும் விட்டது. இன்டரும் யூஏஃபா கோப்பையில் அரையிறுதிவரை போராடியது. வெரோனாவுக்கு அந்த ஆண்டு ஐரோப்பிய ஆட்டம் எதுவும் இல்லை. இது உண்மையான அனுகூலம், மறுக்க முடியாது. எனினும் இரண்டாம் இடம் பிடித்த தொரினோவுக்கும், சம்ப்தோரியாவுக்கும், மிலானுக்கும் அதே ஓய்வு இருந்தது. அவர்கள் யாரும் வெரோனாவின் 43 புள்ளிகளை எட்டவில்லை. தொரினோ 39இல் நின்றது.

இன்னொரு ஆட்சேபம் புள்ளி முறையைப் பற்றியது. அன்று வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று. பதின்மூன்று ஆட்டங்களைச் சமன் செய்த அணிக்கு அது சாதகம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய மூன்று புள்ளி முறையில் 15 வெற்றி, 13 சமன் பெற்ற வெரோனாவுக்கு 58. 14 வெற்றி, 11 சமன் பெற்ற தொரினோவுக்கு 53. இடைவெளி கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அடுத்த ஆண்டு வெரோனா பத்தாம் இடத்துக்குச் சரிந்ததே, அது என்ன? பழைய நடுவர் முறை வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது என்று முடிவு கட்டுவோர், 1985 கோடையில் யார் யார் வெளியேறினார்கள் என்று பார்ப்பதில்லை. ஃபன்னாவும் இடது பின்வரிசை ஆட்டக்காரர் லூச்சானோ மரங்கோனும் இன்டருக்குப் போனார்கள்; கரெல்லா நாப்போலிக்குப் போனார். பதினொருவரில் மூவர் போய்விட்ட நிலையில் லீக்கோடு ஐரோப்பியக் கோப்பையும் சேர்ந்துகொண்டது. ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கும் பணபலம் சிறிய கிளப்புக்கு இல்லை. வென்றதாலேயே அவர்கள் மீது பெரிய கிளப்புகளின் கண் விழுந்தது. இத்தாலியக் கால்பந்தின் உண்மையான ஏற்றத்தாழ்வு இந்தச் சந்தையில் இருந்தது. இதைப் பேசாமல் நடுவர்களைப் பற்றி மட்டும் பேசுவது, நோயை விட்டுவிட்டு அறிகுறியைப் பிடித்துக்கொள்வது போன்றது.

அந்த வீரர்களின் தரத்துக்கு அதன் பிறகு நடந்தவையும் சான்று. கரெல்லா 1987இல் நாப்போலியின் முதல் பட்டத்தில் கோல்கீப்பராக நின்றார். ஃபன்னா 1989இல் இன்டரோடு சாம்பியன் ஆனார். இரண்டும் பொறுப்பாளர்கள் நடுவர்களைத் தேர்ந்தெடுத்த ஆண்டுகள். பன்யோலியோ, 1990இல் வெரோனா இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய பிறகு ஜெனோவா அணிக்குப் போனார். அங்கும் முதல் சீசனிலேயே நான்காம் இடம். மறு ஆண்டு யூஏஃபா கோப்பையில் லிவர்பூலை அதன் சொந்த ஆன்ஃபீல்ட் மைதானத்தில் 2–1 என்று வென்று அரையிறுதிக்குப் போனது அந்த அணி. அதுவரை எந்த இத்தாலிய அணியும் ஆன்ஃபீல்டில் வென்றதில்லை.